எட்டு லட்ச ரூபாய்க் கேமராவும் அரைவேக்காட்டு வாதமும்

இன்னும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் கல்யாணப் படம் எடுக்கிறவர் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். மைசூரைக் களமாக வைத்து எழுதிய கட்டுரை. தசரா, அரண்மனை விளக்கு, ரங்கனதிட்டுப் பறவை, கபினிச் சிறுத்தை, கல்யாண மண்டபம் என்று ஊரில் படம் எடுக்கத் தகுந்த எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டு, இவை அத்தனைக்கும் புதிய ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ்தான் ஒரே வழி என்று முடிக்கிறார். ஒரு பாடி, இரண்டு எஃப்/2.8 லென்ஸ், மெமரி கார்டு, உபரி பேட்டரி எல்லாம் சேர்ந்து எட்டு லட்சத்தைத் தொடும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அது செலவில்லையாம், முதலீடாம். கடன் வாங்கியாவது மாறிவிடுங்கள் என்று தொழிலில் இருக்கும் தம்பிகளுக்குப் புத்தி சொல்கிறார்.

இந்தப் புத்திமதி தவறானது. அதை நம்பி ஒருவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், கெடுவது அவர் குடும்பம். அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை.

அவர் யாரை ஏமாற்றுக்காரர் என்கிறார்? என்.ஆர். மொஹல்லாவிலும் அசோகா சாலையை ஒட்டிய சந்துகளிலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆர்டருமாகக் குடும்பம் நடத்துகிறவர்களை. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் நாலு மணி நேரம் நின்று, மறுநாள் விடிவதற்குள் முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் ஆஜராகி, சொன்ன தேதியில் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களை. அவர்கள் கையில் இருப்பது நிக்கான் டி750-யோ கேனன் 5டி மார்க் 4-ஓ என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை மோசடிக்காரர்கள் என்று அச்சில் எழுத இவருக்கு எப்படி மனம் வந்தது?

ஒரு கேமரா விலைக்குத் தகுந்ததா என்பதற்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. காசு கொடுத்தவர் கையில் வந்து சேரும் படத்தில் அந்தக் கூடுதல் காசு தெரிகிறதா என்பதே அது. கட்டுரையாளர் இந்த அளவுகோலை ஓரிடத்திலும் தொடவில்லை. கேமராவால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போட்டிருக்கிறார். அந்தப் பட்டியல் கம்பெனியின் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. அதைத் தமிழில் எழுதிக்கொடுக்க ஒரு கட்டுரையாளர் தேவையில்லை.

முதலில் படத்தின் தரம். புதிய கேமராவின் படம் பழையதைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்கிறார். எத்தனை மடங்கு என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நிக்கான் டி850 வந்தது 2017-இல். அதன் சென்சர் 45.7 மெகாபிக்சல். நிக்கான் இசட்8 வந்தது 2023-இல், அதுவும் 45.7 மெகாபிக்சல்தான். குறைந்த ஐஎஸ்ஓவில் இரண்டு கேமராவும் எடுத்த படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் போட்டு வைத்தால், எது எதில் எடுத்தது என்று எடுத்தவராலேயே சொல்ல முடியாது. இடைப்பட்ட ஆறு ஆண்டில் முன்னேறியது வேகம், ஃபோகஸ், வீடியோ. அவை முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் தரம் பல மடங்கு கூடிவிட்டது என்பது பொய். டி850 அறிமுகமானபோது பாடியின் விலை 2,54,950 ரூபாய். இசட்8 அறிமுகமானபோது 3,43,995 ரூபாய். அதே பிக்சலுக்கு 89,045 ரூபாய் கூடுதல்.

அந்தப் பிக்சலாவது வாடிக்கையாளரிடம் போய்ச் சேருகிறதா? கல்யாண வீட்டுக்குப் போவது பெரும்பாலும் 12-க்கு 36 கரிஷ்மா ஆல்பம். விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 12-க்கு 18. ஒரு பக்கம் முழுக்க ஒரே படத்தை 300 டிபிஐயில் அச்சடிக்க 3,600-க்கு 5,400 பிக்சல் வேண்டும். அதாவது 1.94 கோடி பிக்சல். 2014-இல் வந்த டி750 தருவது 6,016-க்கு 4,016. பக்கத்தை நிரப்பி மீதியும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படத்தை விரித்துப் போட்டால் டி750-இல் அங்குலத்துக்கு 167 பிக்சல், இசட்8-இல் 229. வித்தியாசம் உண்டு. ஆனால் ஆல்பம் முழுக்க அப்படிப்பட்ட விரிப்பு ஒன்றிரண்டுதான் இருக்கும். அதையும் யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. மற்ற தாள்களில் ஒன்றில் நான்கும் ஆறுமாகப் படங்கள் அடுக்கப்படுகின்றன. மாப்பிள்ளை வீட்டார் டிவியில் போட்டுப் பார்த்தால் 4கே திரைக்கே 83 லட்சம் பிக்சல் போதும். இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் அகலம் 1,080 பிக்சல். நாலரைக் கோடி பிக்சலில் எடுத்து, எடுத்ததில் பெரும்பகுதியைக் கணினியிலேயே தூக்கிப் போடுவதற்கா எட்டு லட்சம்?

எடுத்ததை வைத்துக்கொள்ளவும் காசு வேண்டும். 45 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று ஏறக்குறைய 50 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் என்றால் 150 ஜிபி. அதற்கு பேக்கப் இன்னொரு 150. இந்த எடையை இழுக்கப் பழைய கணினி திணறும். புதிது வாங்க வேண்டும். நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா கையில் இருந்தால் மூவாயிரம் எட்டாயிரமாகும். எட்டாயிரத்திலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுக்கும் பையனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கட்டுரையில் இந்தக் கணக்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, ஃபோகஸ். அவருடைய வாதத்தில் வலுவானது இதுதான். அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தே பேசுகிறேன். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் குவிந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் முகத்தை நடுப்புள்ளியில் பிடித்துக் கேமராவைத் திருப்பி எடுக்கும்போது, எஃப்/1.4, எஃப்/1.8 லென்ஸில் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக வந்துவிடுவது உண்டு. மிரர்லெஸ் கண்ணைத் தானே தேடிப் பிடித்து விடாமல் தொடர்கிறது. அருமையான வசதி.

ஆனால் கல்யாண மேடையில் நடப்பது என்ன? உறவினர்கள் வரிசையாக ஏறி வந்து, பரிசைக் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். 35 மிமீ, எஃப்/5.6, நாலு மீட்டர் தூரம், இரண்டு ஃபிளாஷ். இந்தக் கணக்கில் இரண்டரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து எட்டரை மீட்டரைத் தாண்டியும் எல்லாம் தெளிவாகவே விழும். முன்வரிசைக் குழந்தையும் பின்வரிசைத் தாத்தாவும் அதற்குள் அடக்கம். அங்கே கண்ணைத் தேடும் ஃபோகஸுக்கு வேலையே இல்லை. கல்யாண ஆல்பத்தின் பெரும்பகுதி இப்படி எடுக்கப்படுவதுதான் என்பது மேடையடியில் நின்றவருக்குத் தெரியும். லலித மஹால் வாசலிலும் சாமுண்டி மலையிலும் எடுக்கும் ப்ரீ-வெட்டிங் படத்தில் அகன்ற லென்ஸ் திறப்பு வேண்டும், சரி. அங்கே ஜோடி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஒன்று தவறினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே மேடையில் புதிய கேமரா உண்டாக்கும் தொல்லையைக் கட்டுரையாளர் மறைத்திருக்கிறார். இன்று மைசூர் மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர், மேலே எல்இடி பார் விளக்குகள். எல்இடி விளக்கு நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத் தெரிந்தாலும் நொடிக்குப் பல நூறு தடவை கூடிக் குறைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சரை ஒவ்வொரு வரியாக வாசிக்கும். விலையுயர்ந்த ஸ்டாக்ட் சென்சர் இல்லாத பல மாடல்களில் மேலிருந்து கீழே வாசித்து முடிக்க நொடியில் 60-இல் ஒரு பங்கு ஆகும். சிலவற்றில் 20-இல் ஒரு பங்குகூட ஆகும். அதற்குள் விளக்கு பல தடவை மங்கிப் பிரகாசித்துவிடும். விளைவு, மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை, கன்னத்தில் ஒரு வெளுத்த பட்டை, பட்டுச் சேலையில் குறுக்குக் குறுக்காகக் கோடு. தாலி கட்டும் நொடியில் அப்படி ஒரு படம் விழுந்தால் எந்த மென்பொருளும் சுத்தமாக நீக்காது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பார். மாற்றலாம். மாற்றினால் அவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த சத்தமின்மையும் நொடிக்கு இருபது படமும் போய்விடும். எட்டு லட்சம் கொடுத்து வாங்கியதை டிஎஸ்எல்ஆர் மாதிரியே ஓட்ட வேண்டியதுதான்.

பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியக் கேமரா சங்கமான சிஐபிஏவின் அளவுமுறைப்படி டி850 ஒரு சார்ஜில் 1,840 படம். இசட்8 ஏறக்குறைய 340. நடைமுறையில் இரண்டிலும் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். இரண்டு நாள் கல்யாணத்துக்கு எத்தனை பேட்டரி, ஒவ்வொன்றும் என்ன விலை என்பது கட்டுரையில் ‘உபரி பேட்டரி’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

மூன்றாவது, அடாப்டர். பழைய லென்ஸ் வீணாகாது, அடாப்டர் போட்டுக்கொள்ளலாம் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். மூன்று பத்தி தள்ளி, பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டுவது பாடிக்கே அவமானம், புதிய லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்கிறார். இரண்டில் எது? பழைய லென்ஸ் போதுமென்றால் அவருடைய பட்டியலிலிருந்து லென்ஸுக்கான நான்கு லட்சம் கழிந்துவிடும். போதாதென்றால் அடாப்டர் என்ற ஆறுதலை அவர் வாசகருக்குத் தந்திருக்கக் கூடாது. பாடியை விற்க ஒரு வாதமும் லென்ஸை விற்க இன்னொரு வாதமும் தேவைப்படுவதால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்திருக்கிறார்.

உண்மை நிலவரம் இது. கேனனின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர் வரிசை பாடியில் நன்றாகவே ஓடுகின்றன. நிக்கானில் அப்படியில்லை. எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டாரை நம்பி ஓடும் ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் கைஃபோகஸ் லென்ஸாகிவிடும். மைசூரின் பழைய ஸ்டுடியோக்களின் அலமாரியைத் திறந்தால் இருப்பது எது? 50 மிமீ எஃப்/1.8டி, 85 மிமீ எஃப்/1.8டி, 80-200 எஃப்/2.8டி. இருபது வருஷம் சோறு போட்ட லென்ஸ்கள். அவற்றைச் செல்லாக்காசாக்கும் அடாப்டரைக் காட்டி, லென்ஸ் வீணாகாது என்று எழுதுவது அறியாமையென்றால் திருத்திக்கொள்ளட்டும். தெரிந்தே எழுதியிருந்தால் அது கேவலம்.

கேனன் பக்கம் வேறொரு சிக்கல். ஆர்எஃப் மவுண்டுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்ய வெளிக் கம்பெனிகளைக் கேனன் வெகுகாலம் விடவில்லை. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரனும் ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன. அவையும் ஃபுல்ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுக்கானவை. டிஎஸ்எல்ஆர் காலத்தில் சிக்மா, டாம்ரன், டோகினா என்று பாதி விலையில் நல்ல லென்ஸ் வாங்கித் தொழிலில் கால் ஊன்றியவர்கள்தான் நம் ஆட்கள். அந்தக் கதவு ஃபுல்ஃப்ரேம்காரருக்கு அங்கே அடைபட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் ‘சிஸ்டத்தில் முதலீடு’ என்று பேசுவது பாதி உண்மை.

நான்காவது, டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது என்ற அச்சுறுத்தல். 2020-இலேயே சந்தைக்கு அனுப்பப்பட்ட மிரர்லெஸின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டிவிட்டது. கேனன் தன் கடைசி முதன்மை டிஎஸ்எல்ஆர் 1டி எக்ஸ் மார்க் 3-தான் என்று அறிவித்துவிட்டது. இவை உண்மை. ஆனால் புது மாடல் வரவில்லை என்பதால் கையில் இருக்கும் கேமரா படம் எடுப்பதை நிறுத்திவிடாது. 5டி மார்க் 4-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவைக்கும் டி850-இன் ஷட்டர் இரண்டு லட்சம் தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. தேய்ந்தால் ஷட்டரை மாற்றலாம். எல்லாரும் மாறி ஓடுவதால் செகண்ட்ஹேண்டில் நல்ல டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் விலை சரிந்து கிடக்கின்றன. தொழில் தெரிந்தவருக்கு இது நல்ல காலம். இதைச் சாவு என்று சொல்லிப் பயம் காட்டுகிறார்.

விலை ஏன் ஏறுகிறது என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். சிஐபிஏ கணக்குப்படி 2010-இல் உலகம் முழுக்கச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமரா சுமார் 12 கோடி. 2023-இல் அது 77 லட்சம். மொபைல் போன் வந்து சிறிய கேமராவைத் தின்றுவிட்டது. எண்ணிக்கை போனதால் மிஞ்சியவர் ஒவ்வொருவரிடமும் கூடுதலாக வாங்கினால்தான் கம்பெனி நடக்கும். அதனால் விலை மேலே போகிறது, மாடல் அடிக்கடி மாறுகிறது. நிக்கான் இசட்6 2018-இல், இசட்6 இரண்டாம் பதிப்பு 2020-இல், மூன்றாம் பதிப்பு 2024-இல். கேனன் ஆர்5 2020 ஜூலையில் 3,39,995 ரூபாய்க்கு வந்தது. 2024 ஜூலையில் ஆர்5 மார்க் 2 வந்து அதைப் பழசாக்கியது. ஜப்பானியக் கம்பெனியின் வியாபார நெருக்கடியைத் தீர்க்க வேண்டிய கடமை உதயகிரியில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு இல்லை.

இனிப் பறவைகளுக்கு வருகிறேன். ரங்கனதிட்டில் படகில் போகிறவருக்கு மிரர்லெஸ் இல்லாவிட்டால் படமே கிடைக்காது என்று எழுதியிருக்கிறார். மைசூரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். வாசகர் நேரில் பார்த்துக்கொள்ளட்டும். 1940-லிருந்து சரணாலயமாக இருக்கும் காவிரித் தீவுகள் அவை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் படகிலிருந்து கூப்பிடு தூரத்தில் மரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாறையில் முதலை வாயைத் திறந்தபடி கிடக்கிறது. 2016-இல் வந்த டி500-உம் 2015-இல் வந்த 200-500 லென்ஸும் அங்கே எடுக்காத படமா? ஆற்று ஆலா மேலிருந்து மீனுக்குப் பாயும்போது மட்டும் புதிய ஃபோகஸ் உண்மையிலேயே கைகொடுக்கிறது. அந்த ஒரு பறவைக்காக எல்லாரும் எட்டு லட்சம் செலவழிக்க வேண்டுமா?

கபினியைப் பற்றிய வாதம் இன்னும் மோசம். விடிகாலை சஃபாரியில் வெளிச்சம் கம்மி, புதிய சென்சர் இருட்டிலும் பார்க்கும் என்கிறார். அந்தச் சென்சருக்கு முன்னால் மாட்டும் லென்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. நிக்கானின் பழைய 200-500 கடைசி வரை எஃப்/5.6. கேனனின் ஆர்எஃப் 100-500, 500 மிமீயில் எஃப்/7.1. ஆர்எஃப் 200-800, கடைசி முனையில் எஃப்/9. எஃப்/5.6-லிருந்து எஃப்/7.1-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைகிறது; எஃப்/9-க்குப் போனால் ஒன்றேகால் ஸ்டாப்புக்கும் மேல். சென்சர் கொடுத்ததை லென்ஸ் பிடுங்கிக்கொள்கிறது. எஃப்/4 பெரிய லென்ஸ் வாங்கினால் தீரும். அதன் விலை அவர் சொன்ன மொத்த எட்டு லட்சத்தையும் தனியாகவே விழுங்கும்.

மைசூரின் கிருபாகர், சேனானி இருவரின் பெயரையும் கட்டுரைக்கு அலங்காரமாக இழுத்திருக்கிறார். செந்நாய்களைப் பற்றிய அவர்களுடைய ‘தி பேக்’ படம் 2010-இல் ‘பசுமை ஆஸ்கர்’ எனப்படும் பாண்டா விருதைப் பெற்றது. அதற்குப் பின்னால் இருப்பது பந்திப்பூர் காட்டில் செந்நாய்க் கூட்டத்தைப் பல ஆண்டு பின்தொடர்ந்த உழைப்பு. கர்நாடகத்தின் நிதியமைச்சராக இருந்த எம்.ஒய். கோர்படே ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்டுப் படங்கள் 1983-இல் ‘சன்லைட் அண்ட் ஷேடோஸ்’ என்று புத்தகமாக வந்தன. தஞ்சாவூரிலிருந்து பெங்களூர் வந்து இந்தியக் காட்டுயிர்ப் படக்கலைக்கே ஆசானாக விளங்கிய டி.என்.ஏ. பெருமாளின் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதி ஃபிலிமில் நடந்தது. இவர்களை முன்னால் நிறுத்திக் கேமரா விற்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

தசராவையும் விட்டு வைக்கவில்லை. ஜம்பூ சவாரியில் தங்க அம்பாரி சுமக்கும் யானை பட்டப்பகலில் நடந்து போகிறது. அதைப் பிடிக்க நொடிக்கு இருபது படம் எதற்கு? ஒரு லட்சத்தை நெருங்கும் விளக்குகளோடு அரண்மனை ராத்திரியில் அசையாமல் நிற்கிறது. கேமராவை ஆடாமல் நிறுத்தத் தெரிந்தால் பத்து வருஷப் பழைய பாடியே ஐஎஸ்ஓ 100-இல் அதை அள்ளிக்கொண்டு வரும்.

கடைசியாகப் பணம். ‘போட்டது இரண்டு வருஷத்தில் வந்துவிடும்’ என்கிறார். கணக்குக் காட்டவில்லை, நான் காட்டுகிறேன். எட்டு லட்சத்தை 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 27,300 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருப்பது 9.84 லட்சம். ஜிஎஸ்டி திரும்பி வரும் என்கிறார். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரி சேர்ந்த எட்டு லட்சத்தில் அது 1.22 லட்சம். அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை; நம் சிறு ஸ்டுடியோக்காரர்களில் பலர் பதிவு செய்யாதவர்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

தவணைக்கு முகூர்த்தம் தெரியாது. ஆஷாடத்தில் மைசூரில் இந்துக் கல்யாணம் இல்லை. பித்ரு பட்சத்தில் இல்லை. தனுர் மாதத்தில் இல்லை. வருஷத்தில் இரண்டரை மாதம் கல்யாண வருமானம் படுத்துவிடும். அந்த மாதங்களிலும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கில் 27,300 இருக்க வேண்டும். கேமரா புதிது என்பதற்காகக் கல்யாண வீட்டார் ரேட்டைக் கூட்டிக் கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கடன் கட்ட வேண்டிய அவசரத்தில் கிடைத்த ரேட்டுக்கு ஆர்டர் பிடிக்கிறார்கள். ஒருவர் குறைத்தால் அடுத்தவரும் குறைக்கிறார். கேமரா விலை ஏற ஏறப் படக்காரர் கூலி இறங்குகிறது. இதை முதலீடு என்று அழைப்பவர் முதலீடு செய்து பிழைத்தவராக இருக்க முடியாது.

யாருக்கு இந்தக் கேமரா தகும் என்பதையும் சொல்கிறேன். கல்யாண வீடியோவையே முழுத் தொழிலாக வைத்திருப்பவருக்குத் தகும். வீடியோவில் மிரர்லெஸின் மேன்மை சந்தேகமற்றது. பறக்கும் பறவையை வருஷம் முழுக்க எடுத்து விற்கிறவருக்குத் தகும். பிடாரம் கிருஷ்ணப்பா மந்திரம் மாதிரி சபாக்களில் கச்சேரிப் படம் எடுக்கிறவருக்குச் சத்தமில்லாத ஷட்டர் பெரிய வரம். கண் பார்வை மங்கி ஃபோகஸ் பிடிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கும் தகும். இவர்களும் கடனில்லாமல், ஆர்டர் கையில் இருக்கும்போது வாங்கட்டும். எப்போதாவது ஒரு வேலைக்கு மட்டும் தேவையென்றால் பெங்களூரில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

மற்றவர்கள், குறிப்பாகத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள், எட்டு லட்சத்தில் எட்டில் ஒரு பங்கை வேறு இடத்தில் போடுங்கள். கேமராவிலிருந்து பிரித்து வைக்கும் ஃபிளாஷ் இரண்டு, அதற்குக் குடையோ சாஃப்ட்பாக்ஸோ, ஒரு 85 மிமீ எஃப்/1.8, நிறம் சரிபார்த்த மானிட்டர், பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். நம் வீட்டுப் பெண்களின் மாநிறத்தை நீல எல்இடி வெளிச்சத்தில் சாம்பலாக்காமல் எடுப்பதும், மைசூர்ப் பட்டின் ஜரிகை வெளுத்துப் போகாமல் அதன் மினுக்கை அப்படியே காட்டுவதும் விளக்கை வைக்கத் தெரிந்த கைக்கு வரும் வித்தை. அது தெரியாதவர் கையில் எந்தப் புதிய பாடியும் அதைச் செய்து தராது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதும் இதுதான்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். கேமராவைப் புகழ்வது உங்கள் உரிமை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் ஒரு தொழிலாளியை, அவர் கையில் இருக்கும் கருவியின் வயதை வைத்து ஏமாற்றுக்காரர் என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லை அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும். வாசகர்களிடம் ஒன்று சொல்கிறேன். உங்கள் டிஎஸ்எல்ஆர் ஓடுகிறதா, ஆர்டர் வருகிறதா, ஆல்பத்தைப் பார்த்த வீட்டார் திருப்தியாகக் காசு கொடுக்கிறார்களா? அப்படியென்றால் கடன் வாங்கி இந்தக் கேமராவை வாங்காதீர்கள். இன்றைய விலைக்கு அது தகாது.